ரத்தத்துக்கும் உப்பு வேண்டும்

குழாயில் ரத்தம் நின்றுவிட்டது என்று போன் வந்தபோது நான் தயிர்ச்சோற்றுக்கு நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை மாத மதியம். அந்த நேரத்தில் மலைப்பாறை தான் குடித்த வெயிலையெல்லாம் திண்டுக்கல் தெருக்களில் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். எங்கள் ரத்த வங்கியின் குளிர்பெட்டி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் உறுமிக்கொண்டிருந்தது.

போனில் ஜெனிஃபர். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியின் நர்ஸ்.

"டாக்டர், நீங்க குடுத்த ஓ நெகட்டிவ் பை, ட்யூப்ல கட்டி கட்டியா நிக்குது. எறங்கவே மாட்டேங்குது. இவுங்க ஆளுக ஒரே சத்தம்."

"என்ன சத்தம்?"

"ரத்தம் சேரலங்கிறாங்க டாக்டர். குடுத்த ஆளு சரியில்லையாம்."

நார்த்தங்காய் வாயிலேயே நின்றுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். கழுவினேனா என்பதுகூடச் சரியாக நினைவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் கோபம் பழகியிருக்கும். "டாக்டர், நீங்க மொதல்ல உங்க பிரஷரைப் பாருங்க" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே பூட்டி வைக்காமல் வாராவாரம் இங்கே கொட்டிவிடுகிறேனே, அதனால் இருக்கும். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே கொட்டப் போகிறேன்.

தெருவை அடைத்து நின்ற மில் பஸ்

அன்று காலையிலிருந்து சொல்ல வேண்டும்.

செம்பட்டிப் பக்கத்துக் கிராமம். ரேவதி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தாய்க்குத்தான் உதிரம் நிற்கவில்லை. தையல் போட்டு, மருந்து கொடுத்து, பிரசவ டாக்டர் ஒருவழியாகக் கட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். ஆனால் போன ரத்தம் போனதுதான். ரேவதியின் உதடும் தலையணை உறையும் ஒரே நிறத்தில் இருந்தன. அவளுடைய வகை ஓ நெகட்டிவ். எங்கள் குளிர்பெட்டியில் அன்றைக்கு அந்த வகை ஒரு சொட்டு இல்லை.

ரேவதியின் கணவன் செந்தில்தான் காளிராஜைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. காளிராஜ் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு பஸ் ஓட்டுகிறவர். எங்களுக்கும் பழைய ஆள். ஓ நெகட்டிவ் வேண்டும் என்று கூப்பிட்ட எந்த முறையும் "வாரேன் டாக்டர்" என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.

காலை ஷிப்டு ஆட்களை மில்லில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு அப்படியே வந்துவிட்டார். எங்கள் சந்தில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். அதில் மில் பஸ் வந்து நின்றால் எப்படி இருக்கும்? பின்னால் தக்காளி வண்டி ஹாரனை விடாமல் அடித்தது.

"அடிக்கட்டும் டாக்டர். செத்த நேரம் பொறுத்தாத்தான் என்ன? தக்காளி என்ன பிரசவத்துக்கா போகுது?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே கட்டிலில் படுத்தார்.

ரத்தம் கொடுத்த கையோடு பஸ் ஓட்டக் கூடாது என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மில்லிலிருந்து வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்துப்போனார். காளிராஜ் வீட்டுக்குப் போகவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஏத்தி முடிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்று எங்கள் வரவேற்பறை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கட்டிலில் படுத்திருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். செந்திலின் அப்பா, சீனிச்சாமி. தென்னந்தோப்பும் காய்கறித் தோட்டமும் உள்ளவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் கவலை. கவலை நிஜமானது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

காளிராஜைப் பார்த்தார். என்னிடம் கேட்டார்.

"நல்லா டெஸ்ட் பண்ணித்தான குடுப்பீங்க?"

"எல்லாருக்கும் பண்றதுதாங்கய்யா."

"அதில்ல டாக்டரம்மா. இவனுக்கு நல்லாப் பண்ணுங்கன்னு சொன்னேன்."

காளிராஜ் கையில் இருந்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டேயிருந்தார். கேட்காதது போல அமுக்கினார். கேட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

சீனிச்சாமி ஊர்க்காரர். காளிராஜ் காலனிக்காரர். இரண்டும் ஒரே ஊர்தான், நடுவில் ஒரு ரோடு போகிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்கும் அந்த ரோடு தெரியும்.

'திரிஞ்சுபோச்சு'

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, ரேவதியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து, மதியம் பையைக் கொடுத்தனுப்பினோம். அதன் பிறகு வந்ததுதான் ஜெனிஃபரின் போன்.

ஆஸ்பத்திரி மாடிக்கு ஏறிப் போனால் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரக் கூட்டம். ஜெனிஃபர் குழாயை மூடிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். பிரசவ டாக்டர் ரேவதியின் கையைப் பிடித்தபடி நாடி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில் சுவரோடு சுவராக நின்றான்.

"பாருங்க டாக்டரம்மா, பால் திரிஞ்ச மாதிரித் திரிஞ்சுபோச்சு!" என்று சீனிச்சாமி குழாயைக் காட்டினார். "சேரல. அவன் ரத்தம் எங்களுக்குச் சேரல. அப்பவே எனக்கு மனசுல பட்டுச்சு."

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பையின் மேல் இருந்த எண்ணையும் ரேவதியின் பெயரையும் சரிபார்த்தேன். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, உடம்பில் தடிப்பு இல்லை. ரத்த மாதிரி எடுத்து எங்கள் டெக்னீஷியனுக்கு ஆள் மூலம் அனுப்பினேன். திரும்பவும் பொருத்திப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று போனில் சொன்னார்.

பிறகுதான் குழாயைப் பார்த்தேன். பைக்குள் ரத்தம் நன்றாக இருந்தது. பையிலிருந்து சொட்டும் இடத்திலும் நன்றாக இருந்தது. பாதிக் குழாயில் ஒரு பக்கக் கிளை வந்து சேர்ந்தது. அந்தக் கிளைக்குக் கீழேதான் ரத்தம் குறுணைக் குறுணையாகத் திரண்டு நின்றது. கிளை எங்கே போகிறது என்று கண்ணால் மேலே ஏறினேன். அங்கே, அதே கம்பியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலை தொங்குவதுபோல ஒரு குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி காலி.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த நொடியில் வந்த கோபம் இதை எழுதும்போதும் காதோரத்தில் சுடுகிறது.

தெம்பு ஏற்றும் பாட்டில்

குளுக்கோஸ் பற்றிக் கொஞ்சம் புலம்ப விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் அது மருந்து அல்ல, மரியாதை. கல்யாணத்துக்குப் போய்வந்த அலுப்பா, ஒரு பாட்டில் ஏத்துங்க. காய்ச்சல் விட்டும் வாய் கசக்கிறதா, ஒரு பாட்டில். பாட்டில் ஏற்றாமல் அனுப்பிய டாக்டரை, "அந்தம்மா ஒண்ணுமே பாக்கல" என்று ஊர் போகிற பஸ்ஸிலேயே தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்கள். பழத்தோடு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கம்பியைத்தான் பார்ப்பார்கள். பாட்டில் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது, தொங்காவிட்டால் நடக்கவில்லை.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? சர்க்கரைத் தண்ணீர். நம் டீக்கடைகளில் இரண்டு மூன்று டீ குடித்தால் அவ்வளவு சர்க்கரை உள்ளே போய்விடும். தேவைப்படும் நோயாளிக்கு அது உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் ஏறுகிற குழாயில் அது ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. ரத்தத்தோடு ஒரே குழாயில் போகலாம் என்று நாங்கள் விடுவது சலைனை மட்டும்தான். சலைன் என்றால் உப்புத் தண்ணீர், வேறொன்றுமில்லை.

ஏன் என்று என்னிடம் மாமனார்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்களாவது கேளுங்கள்.

சிவப்பணுக்கள் இயல்பிலேயே ஒன்றை ஒன்று கொஞ்சம் தள்ளி நிறுத்தும் குணமுள்ளவை. அவை மிதக்கிற நீரில் உப்பும் புரதமும் கரைந்திருக்கின்றன. உப்பு அளவோடு இருக்கும்வரை புரதம் கரைந்தே இருக்கும், அணுக்களும் தனித்தனியே ஓடும். அதில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் உப்பு நீர்த்துப்போகிறது. புரதத்தில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் அணுக்களின் மேல் பசைபோலப் படிகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அப்படியே விட்டால் சர்க்கரையை உள்ளே இழுத்து, பின்னாலேயே தண்ணீரையும் இழுத்து, உப்பி வெடிக்கவும் செய்யும். இன்னொரு வகை பாட்டில் உண்டு, அதில் கால்சியம் இருக்கும். அது பட்டால், பையில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்ட மருந்தே முறிந்து, ரத்தம் நிஜமாகவே உறைந்துவிடும்.

ஆக, 'சேரல' என்று அவர் சொன்னதே தலைகீழ். அங்கே நடந்த கோளாறு அளவுக்கு மீறிச் சேர்ந்தது. தன் ஆளோடு தன் ஆள் ஒட்டிக்கொண்டு, கூட்டம் கட்டி, ஒரு பெண்ணுக்கு உயிர் போய்ச் சேருகிற வழியை மறித்துக்கொண்டு நின்றது. எங்கேயோ பார்த்த காட்சியாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

காசு அடுக்கியதுபோல

திரள்வதை எல்லாம் பகை என்று நினைக்கக் கூடாது என்பதைப் பல வருஷங்களுக்கு முன்பு சாணார்பட்டிக்காரர் ஒருவரின் ரத்தத்தில் பார்த்தேன்.

எலும்பு வலி என்று வந்தவர். அவருடைய ரத்தத்தை, வகை பார்க்கும் எந்த மருந்தோடு கலந்தாலும் திரண்டது. எல்லாவற்றிலும் திரண்டால் ஏபி என்பது கணக்கு, அப்படியே எழுதத் தயாராகிவிட்டார்கள். எதையும் கலக்காத வெறும் ரத்தமும் திரண்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. அவருக்கு ரத்தத்தில் புரதம் மிஞ்சிப்போயிருந்தது. அதுதான் அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு துளி உப்புத் தண்ணீர் விட்டேன். அடுக்கு சரிந்து, அணுக்கள் கலைந்து ஓடின. அவருடைய உண்மையான வகை பி.

வகை மாறிய ரத்தம் திரண்டால் உப்புத் தண்ணீருக்கு மசியாது. அது நிஜப் பகை. மற்றதெல்லாம் கரைந்திருக்கிற சரக்கின் வேலை. சூழ்ந்திருக்கும் தண்ணீரை மாற்றினால் போதும், விட்டுவிடும். ரத்தத்தின் மேல் பழி போடுவதற்கு முன் அது எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, மாடிக்கு வருவோம். ரேவதி காத்திருக்கிறாள்.

படிக்கட்டில் ஒரு கேள்வி

ஊசி, குழாய் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஜெனிஃபர் புதுக் குழாயில் சலைன் ஓடவிட்டாள். அதே பையை மறுபடி மாட்டப் போனாள். சீனிச்சாமி குறுக்கே வந்து நின்றார். நிஜமாகவே, கட்டிலுக்கும் கம்பிக்கும் நடுவே.

"அது வேணாம். வேற பாருங்க."

"வேற இல்லைய்யா. மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கிட்டு வர்றதுக்குள்ள இந்தப் பிள்ளை தாங்காது."

"தாங்கும். எங்க பிள்ளை தாங்கும். அவன் ரத்தம் மட்டும் வேணாம்."

"நாடி ஓடுறதைப் பாத்தீங்களா? நான் வெளையாட்டுக்குச் சொல்லல" என்றார் பிரசவ டாக்டர்.

அந்தச் சத்தம் தெரு வரை கேட்டிருக்க வேண்டும். காளிராஜ் ரத்த வங்கியிலிருந்து வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. வார்டு வாசலுக்கு வந்த சீனிச்சாமி அவரைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, என்னத்தக் குடிச்சுட்டு வந்து குடுத்த? அம்புட்டும் திரிஞ்சுபோயிக் கெடக்குடா!"

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், தினமும் ஒரு பஸ் நிறைய உயிரைச் சுமக்கிறவர். அவருக்கு 'ஏலே', 'டா'. செந்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த செந்தில், தரையைப் பார்த்தான். உன் பெண்டாட்டிக்கு ரத்தம் கொடுக்க வந்தவனடா அவன் என்று எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது.

நான் படியில் இறங்கிப் போனேன். காளிராஜ் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர், மறைக்காமச் சொல்லுங்க. எம் ரத்தத்துல எதும் கோளாறா?"

"ஒண்ணுமில்லை காளிராஜ்."

"இல்ல... இத்தன வருசமாக் குடுத்திருக்கனே. யாருக்கும் எதும் ஆயிருச்சோன்னுதான்... எம் பிள்ளைகளுக்கும் இது இருக்குமா?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது அப்போதுதான். சீனிச்சாமி கத்தினது எனக்குப் புதிதல்ல. அதை நம்பினாரே காளிராஜ், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு வசவு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தன் உடம்பில் ஓடுவதையே ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். எத்தனை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தால் இவ்வளவு சுலபமாக நம்ப முடியும்?

"மேல வாங்க" என்றேன். "நீங்களும் பாக்கணும்."

உப்பும் சர்க்கரையும்

மாதிரி எடுப்பதற்காகக் கொண்டுபோன தட்டில் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. ஒன்றில் கழற்றிப்போட்ட அதே குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து சில சொட்டு. இன்னொன்றில் சலைன் சில சொட்டு.

"ஐயா, விரல நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, நீட்டிவிட்டார். குத்தினேன். மெதுவாகத்தான் குத்தினேன் என்று சொல்ல மாட்டேன். சீனிச்சாமியின் ரத்தம் ஒரு சொட்டு சலைனில், ஒரு சொட்டு குளுக்கோஸில். இரண்டையும் லேசாக ஆட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காளிராஜ் வாசற்படியைத் தாண்டாமல் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

சலைனில் விழுந்தது ரோஸ்மில்க் போல ஒரே சீராகப் பரவியது. குளுக்கோஸில் விழுந்தது குறுணையாக, செங்கல் பொடியைத் தூவியதுபோலத் திரண்டது. குழாயில் நின்றதே, அதேதான், அச்சு அசலாக.

"இது யார் ரத்தம்?"

சீனிச்சாமி குத்திய விரலைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"உங்க ரத்தம் உங்க ரத்தத்தோடயே சேரல. இப்ப யாரக் குத்தம் சொல்லுவீங்க? இது எந்தத் தெரு ரத்தம்?"

நான் அதோடு விடவில்லை. திரண்டுகிடந்த அந்தச் சொட்டின் மேல் நாலைந்து துளி சலைன் விட்டு மறுபடி ஆட்டினேன். குறுணைகள் ஒவ்வொன்றாக உடைந்து கரைந்தன.

"பால் திரிஞ்ச மாதிரின்னு சொன்னீங்களே. திரிஞ்ச பால் திரும்புமா? இது திரும்பிருச்சு பாருங்க. ரத்தம் கெடல. அதுல சீனித் தண்ணி கலந்துச்சு, ஒட்டிக்கிருச்சு. அம்புட்டுத்தான். சோத்துல உப்புப் போட்டுத்தான சாப்புடுறீங்க? ரத்தத்துக்கும் அது வேணும்."

அவருக்குச் சுருக்கென்று பட்டது. பட வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் பெயரும் சீனிச்சாமியாக இருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவரா? பழி ஒரு தலையிலிருந்து இறங்கினால் இன்னொரு தலை வேண்டுமே.

"அப்ப குளுக்கோஸத் தொறந்தது யாரு? இந்த நர்சுதான?"

"நான் மூடிட்டுத்தான் டாக்டர் பக்கத்து வார்டுக்குப் போனேன்" என்றாள் ஜெனிஃபர். அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "மூடிட்டுத்தான் போனேன்." ரத்தம் மாட்டும்போது பாட்டிலையே கழற்றியிருக்க வேண்டும், அதை அவளிடம் பின்னால் தனியாகச் சொன்னேன். அழுகிறவளைச் சபையில் வைத்துத் திட்டுவது என் பழக்கமில்லை.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, மூச்சு.

"மாமாதான் திருகுனாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். இவ்வளவு கூச்சலில் அவளும் அங்கே இருக்கிறாள் என்பதே பலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பிள்ள தெம்பில்லாமக் கெடக்கே, ரத்தம் மட்டும் போதுமான்னு... மாமாதான் திருகிவிட்டாங்க. பாசத்துலதான்."

பாசத்தில்தான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பொய்க்காரி ஆவேன். மருமகள் பிழைக்க வேண்டும் என்று, யாரும் பார்க்காத நேரத்தில், குழாயில் இருந்த சின்ன உருளையைத் தன் கையாலேயே திருகிவிட்டவர் அவர். அது நின்றுபோனதும் தன் கையை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்தைத்தான் நினைத்தார். பாசம் இருக்கிற இடத்திலேயே இதுவும் குடியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாதது.

நான் ரேவதியின் பக்கம் குனிந்தேன். "உன் உடம்பு, தாயி. நீ சொல்லு. ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க டாக்டர். அந்த அண்ணன் குடுத்ததையே ஏத்துங்க."

சீனிச்சாமி நகர்ந்துகொண்டார். ஜெனிஃபர் பையை மாட்டினாள். ரத்தம் எந்தத் தடையும் இல்லாமல் சொட்ட ஆரம்பித்தது. சலைன் ஓடிய குழாயில் அது ஏன் தடைபடப் போகிறது? மாலைக்குள் ரேவதியின் உதடு தலையணை உறையிலிருந்து பிரிந்து தனி நிறம் கண்டது. மதுரையிலிருந்து இன்னொரு பையும் வந்து சேர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் காளிராஜ் இல்லை.

இளநீர்க் குலை

கொஞ்ச நாள் கழித்து சீனிச்சாமி ஒரு இளநீர்க் குலையோடு ரத்த வங்கிக்கு வந்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றார். பேரனுக்குத் தன் அப்பா பெயர் என்றார்.

"காளிராஜுக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அவன் எங்க டாக்டரம்மா கண்ணுலயே பட மாட்டேங்கிறான்."

அவர் வீட்டு வாசல் வழியாகத் தினமும் போய்வருகிற பஸ். வீடு அளவுக்கு இருக்கும், மஞ்சள் நிறம், ஹாரன் அடித்தால் தோப்பில் காகம் பறக்கும். அது கண்ணில் படவில்லையாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம்தான் ஊருக்கெல்லாம் சொல்கிறோம். ரத்தமே இட்டவரை நினைக்க என்ன பழமொழி வேண்டுமோ தெரியவில்லை.

"குலைய எடுத்துட்டுப் போயி அந்த பஸ்ல ஏத்துங்கய்யா. எனக்கு வேணாம்."

எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் ஏற்றினாரா என்று எனக்குத் தெரியாது. ஏற்றியிருக்க மாட்டார். செம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சொன்ன கதை வேறு. ஊரில் அவர் சொல்லிவைத்திருப்பது, "குளுக்கோஸ் பாட்டில் டூப்ளிகேட்டு". இன்னும் சிலர் சொல்வது பழையபடி, "அவன் ரத்தம் சேரலையாம்ல". கண்ணாடித் துண்டில் நான் காட்டியது அந்த மாடியை விட்டுக் கீழே இறங்கவேயில்லை.

காளிராஜ் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஓ நெகட்டிவ் தேவைப்பட்ட போதெல்லாம் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நிற்கும். இனி தன் ரத்தத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்படி முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? ரத்தம் கேட்கும்போது மட்டும்தான் ஊருக்கு அவர் கண்ணில் படுகிறார்.

மறுபடியும் அதே கட்டில்

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள். விபத்தில் தொடை முறிந்த ஒருவருக்கு அவசர ஆபரேஷன். ஓ நெகட்டிவ். குளிர்பெட்டி வழக்கம்போலக் காலி. நம்பிக்கையில்லாமல்தான் அழுத்தினேன்.

எடுத்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"காளிராஜ், நான் கேக்கக் கூடாது. ஆனா..."

"வாரேன் டாக்டர்."

அவ்வளவுதான். சந்தில் மில் பஸ் வந்து நின்றது. இந்த முறை சாவியை அவரே என் மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தார். இத்தனை நாள் ஏன் போனை எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தலையணையில் தலையைச் சாய்த்தபடி, "அன்னைக்கு நீங்க உப்புத் தண்ணி விட்டதும் கலஞ்சுச்சுல டாக்டர், அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். ஊசி ஏறியது. பை மெல்ல நிறைய ஆரம்பித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. அடிபட்டவரின் சொந்தக்காரர். நனைந்த சட்டை, கையில் ஹெல்மெட். கட்டிலில் படுத்திருந்தவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, நம் ஊரில் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யாரும்மா குடுக்குறது? நம்மாளா?"

என் காதோரம் சுட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்துவிட்டது. காளிராஜ் ரப்பர் பந்தை அமுக்குவதை நிறுத்தாமல், அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, மொதல்ல ஓடிப்போயி அங்க குளுக்கோஸக் கழட்டிட்டாங்களான்னு பாத்துட்டு வாங்க. அது ஒண்ணுதான் எனக்குச் சேராது."